பெரட்டுக் களத்தில் ஒரு வைரஸ் விசாரணை

எங்கள் பழைய கம்பெனியின் ஊழியர் சங்கம் இந்த ஆண்டு மலர் ஒன்று போடுகிறது. கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த செயலாளர், "அந்தக் காலத்து வைரஸைப் பத்தி ஏதாச்சும் ஜாலியா எழுதிக் குடுங்க சார். ஸ்கிரீன்ல எழுத்தெல்லாம் கொட்டுமாமே! இப்ப வேலைக்கு வந்திருக்கறவங்க படிச்சுச் சிரிக்கணுங்க" என்றார். தாராளமாகச் சிரிக்கட்டும். ஆனால் அப்படி எழுத்துக் கொட்டிய ஒரு திரைக்காக ஒரு பெண்ணை ஊரே பார்க்க நிறுத்தி நாசக்காரி என்றார்களே, அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன். செயலாளருக்கு முகம் சுண்டிப் போயிற்று. போட்டால் முழுதாகப் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வேலையை விட்டு வந்ததோடு இந்தக் கோபமும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

கோவையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, குன்னூரில் டைப்ரைட்டர் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவன் நான். எஸ்டேட்டுகள் டைப்ரைட்டரை விட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறியபோது கம்பெனியும் மாறியது, கம்பெனியோடு நானும் மாறினேன். சென்னைக்கு அனுப்பிக் கொஞ்ச நாள் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். மீதியைக் கெட்டுப்போன மெஷின்களே சொல்லிக் கொடுத்தன.

சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் கடைசிக் கப்பல்கள் வந்து சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம் அது. கோத்தகிரி, கூடலூர் என்று எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் தலவாக்கலை, பதுளை என்று பேச்சுக் காதில் விழும். இந்தியக் குடியுரிமை பெற்று வந்தவர்கள் அவர்கள். சட்டப்படி எனக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனாலும் கடைத்தெருவில் அவர்களுக்குப் பெயர் அகதி. என் தாத்தாவும் பிழைப்புத் தேடிச் சேலத்துப் பக்கத்திலிருந்து மலை ஏறி வந்தவர்தான். எங்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாங்கள் முந்தி ஏறிவிட்டோம், அவ்வளவுதான்.

நாங்கள் பராமரித்து வந்த ஒரு எஸ்டேட் குரூப் ஆன்டிவைரஸ் வாங்க முடிவு செய்தது. எதை வாங்கலாம் என்று பரிசோதித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்த நாளில் ஆன்டிவைரஸ் விற்க வருகிறவர்கள் கையோடு ஒரு நோய் பிடித்த பிளாப்பியையும் கொண்டு வருவார்கள். மெஷினில் அதைச் சொருகியதும் திரை சிவப்பாகும், மணி அடிக்கும். "பாத்தீங்களா சார், புடிச்சிருச்சு!" என்பார்கள். மேனேஜர்கள் அசந்து போவார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். தான் வளர்க்கிற நாயைத் தானே கூப்பிட்டு, பாருங்கள் வாலாட்டுகிறது என்று காட்டுவதில் என்ன இருக்கிறது? "நான் ஒரு பிளாப்பி தர்றனுங்க, அதுல புடிச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் உடனே அவர்களுக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

நான் வைத்திருந்த முறை வேறு. வேறெதற்கும் பயன்படாத தனி மெஷின் ஒன்றை ஒதுக்கிக்கொண்டேன். சோதனைக்கு முன்னால் அதை முழுக்க அணைக்க வேண்டும். வைரஸ் மெமரியில் குடியிருக்கும், கரண்டை நிறுத்தினால்தான் காலி செய்யும். பிறகு சுத்தமான பிளாப்பி ஒன்றிலிருந்து மெஷினைக் கிளப்ப வேண்டும். அந்தப் பிளாப்பியில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி தடுத்திருக்க வேண்டும். அப்போதைய பெரிய பிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். இதெல்லாம் ஆன பிறகு சின்னச் சின்ன புரோகிராம்களை இரையாக வைத்து, ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக்கொண்டு, வைரஸை அவிழ்த்து விடுவேன். அப்புறம் ஒவ்வொரு ஆன்டிவைரஸாக ஓட்டிப் பார்ப்பேன்.

பிடிக்கிறதா என்பதோடு சோதனை முடிந்துவிடாது. ஒன்றுமில்லாத புரோகிராமின் மேல் பழி போடுகிறதா, கழுவிய பிறகு புரோகிராம் பழையபடி ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மற்றதைத் தொடுவதற்கு முன்னால் மெமரியைப் பார்க்கிறதா என்பது. ஏனென்றால் சில வைரஸ்கள் மெமரியில் உட்கார்ந்துகொண்டு, திறக்கப்படுகிற ஒவ்வொரு புரோகிராமிலும் தொற்றிக்கொள்ளும். ஆன்டிவைரஸின் வேலையே எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது. மெமரியைப் பார்க்காமல் அதை ஓட்டினால், அதுவே வீடு வீடாகக் கதவைத் திறந்து நோயை உள்ளே விட்டுக்கொண்டு போகும். கடைசியில் "வைரஸ் இல்லை" என்றும் எழுதிக் காட்டும். வீட்டு மெஷினில் இப்படி ஆனால் பிள்ளைகளின் விளையாட்டு கெடும். எஸ்டேட் ஆபீஸில் ஆனால் நூற்றுக்கணக்கான பேரின் சம்பளக் கணக்குக் கெடும். ஒரு விற்பனையாளர்கூட இதைத் தானாகச் சொன்னதில்லை.

எங்கள் சர்வீஸ் பிரிவின் தலைவர் சபாபதி சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னைப் போன்ற ஜூனியரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். டீ வந்தால் எதிரில் இருப்பவர் ஒரு வாய் குடித்த பிறகுதான் தன் கிளாஸைத் தொடுவார். எஸ்டேட் மேனேஜர்களுக்கு அவர் சொன்னால் வேதவாக்கு. குரூப்பின் முடிவு வரும்வரை ஒரு பழைய ஆன்டிவைரஸை வைத்து அவரே எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சோதித்து வந்தார். மழைக்காலத்தில் இங்கே பிளாப்பிக்குப் பூசணம் பிடிக்கும். ஆபீஸ்களில் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு அதன் சூட்டில் பிளாப்பிகளை வைத்திருப்பார்கள். சார் தன் பிளாப்பியைக் கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருப்பார். மேனேஜர் முன்னால் அதை இரண்டு கையாலும் வெளியே எடுப்பார். கோயிலிலிருந்து விபூதி கொண்டு வந்தவரைப் பார்ப்பதுபோல எதிரில் இருப்பவரும் எழுந்து நிற்பார்.

மழைக்காலத்தில் எஸ்டேட்டுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டார்கள். அணைத்தால் ஈரம் ஏறி மறுநாள் கிளம்பாது என்ற பயம். பயம் பொய்யுமில்லை. அணைத்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று சாரிடம் நான் பலமுறை சொன்னேன். "ஏனுங்க, அணைச்சுட்டு அது மறுபடி வரலைன்னா யாருங்க பதில் சொல்றது?" என்று சிரித்துவிட்டு, ஓடுகிற மெஷினிலேயே பிளாப்பியைச் சொருகுவார்.

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் புஷ்பராணி. தலவாக்கலையிலிருந்து குழந்தையாக வந்தவள். அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். லயத்திலிருந்து ஆபீஸுக்குள் போய் உட்கார்ந்த முதல் பெண் இவள்தான். கோத்தகிரியில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்றுக்கொண்டு வந்து, சம்பளச் சீட்டுகளைத் தவறில்லாமல் அடித்துக் கொடுத்து வந்தாள்.

சபாபதி சார் வழக்கம்போல அங்கே போய் மெஷினைச் சோதித்துவிட்டு வந்த கொஞ்ச நாளில், திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து அடியில் குவியத் தொடங்கின. புஷ்பராணிதான் முதலில் பார்த்தாள், அவளேதான் மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். சார் மறுபடி போனார், பிளாப்பியைப் போட்டார், "வைரஸ் இல்லை" என்று வந்தது. அடுத்த வாரம் சம்பளப் புரோகிராம் திறக்கவே இல்லை. அப்போது புஷ்பராணி மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "சார் வந்துட்டுப் போனதுக்குப் பொறகுதான் துரை இப்படி ஆகுது."

அது போதாதா? யாரைப் பற்றி யார் சொல்வது! மேனேஜர் அவள் பையைக் கொட்டச் சொன்னார். இன்ஸ்டிட்யூட்டில் டைப் பழகிய பிளாப்பி ஒன்று கிடைத்தது. வெளியிலிருந்து கொண்டு வந்த பிளாப்பி. கொண்டு வந்தவளும் வெளியிலிருந்து வந்தவள். சபாபதி சார் தன் மெல்லிய குரலில், "இந்த மாதிரி வெளி பிளாப்பியிலதாங்க பெரும்பாலும் வரும்" என்றாராம். ஒரு சோதனையும் செய்யாமல் சொன்னார். சிலோன் என்ற சொல்லையே சந்தேகமாகப் பார்த்த காலம் அது. மறுநாள் காலை மஸ்டரில், வேலை பிரித்துக் கொடுக்கத் தொழிலாளர் எல்லாரும் கூடுகிற களத்தில், மேனேஜர் தானே வந்து நின்று, ஆபீஸில் நாசவேலை நடந்திருக்கிறது, இந்தப் பெண்ணை விசாரிக்கப் போகிறோம், தேவைப்பட்டால் போலீஸுக்கும் போவோம், அதுவரைக்கும் இவள் கொழுந்து எடுக்கட்டும் என்று அறிவித்தார். அம்மா பார்க்க, அக்கம்பக்கத்து லயமெல்லாம் பார்க்க.

விசாரணைக்காக அவள் பிளாப்பியைச் சோதிக்க என்னை அனுப்பினார்கள். என் முறைப்படியே சோதித்தேன். அதில் ஒன்றுமில்லை. "கழுவி வச்சிருப்பா" என்றார் ஆபீஸ் கிளார்க். இப்படிச் சொல்கிறவர்களுக்கு எதைக் காட்டினாலும் ஆகாது. வெளியே வந்தபோது தேயிலை மேட்டின் ஓரத்தில் புஷ்பராணி கூடையோடு நின்றிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறை ஏறியிருந்தது.

"உன் பிளாப்பி சுத்தமா இருக்கும்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியுங்க ஐயா. அவுங்களுக்கு விளங்கணுமே. அம்மா இப்ப பீலிக்குத் தண்ணிக்குப் போறதில்ல. பொம்பளைங்க பேச்சு நிப்பாட்டிர்றாங்களாம்" என்றாள்.

குன்னூருக்குத் திரும்பி என் சோதனை வேலையை முடிக்கப் பார்த்தேன். பரிசோதிக்க வேண்டியவற்றில் சார் வைத்திருந்த பழைய ஆன்டிவைரஸும் ஒன்று. அவருடைய பிளாப்பியைக் கேட்டு வாங்கி, புதிதாக வந்திருந்த ஒன்றைக் கொண்டு அதைத்தான் முதலில் பார்த்தேன். மணி அடித்தது. ஆன்டிவைரஸ் புரோகிராமுக்குள்ளேயே வைரஸ் உட்கார்ந்திருந்தது.

சார் பதறவில்லை. "இது பொய்க் கூச்சலுங்க. புதுசு எதைப் பாத்தாலும் குலைக்குது. என் பிளாப்பியில எழுதவே முடியாதுங்களே, அப்புறம் எப்படி உள்ள போகும்?" என்றார். எங்கள் ஆபீஸ் மெஷினிலேயே அதில் எழுதிக் காட்ட முயன்றார். எழுத முடியாது என்று மெஷின் மறுத்தது. அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. ஆனால் பெட்டியோடு வந்த மூலப் பிளாப்பியை எடுத்து ஒப்பிட்டேன். வைரஸ் ஏறினால் புரோகிராமின் அளவு கூடும். சாருடையதில் அதே புரோகிராம் பருத்திருந்தது.

பிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. மழை ஈரத்தில் அந்தச் சின்ன ஸ்டிக்கர்கள் நிற்காது, பசை விட்டு உதிர்ந்துவிடும். சாருடையதும் உதிர்ந்திருக்கிறது. அவர் அந்த வெட்டின் மேல் நல்ல செல்லோ டேப்பாகப் பார்த்து ஒட்டியிருந்தார். கண்ணாடி மாதிரி டேப். எங்கள் ஆபீஸ் மெஷினில் பிளாப்பியைச் சொருகும் டிரைவ் பழையது. ஒரு சின்ன நெம்புகோல் அந்த வெட்டைத் தடவிப் பார்க்கும், டேப் தட்டினால் எழுத மாட்டேன் என்று நின்றுவிடும். எஸ்டேட்டுகளில் வாங்கியிருந்தது புது டிரைவ். அதில் நெம்புகோல் கிடையாது, ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும். கண்ணாடி டேப் வழியே ஒளி சுகமாகப் போய்விடும். அந்த டிரைவைப் பொறுத்தவரை அந்த வெட்டு திறந்தே கிடந்தது.

சாரை அழைத்துக்கொண்டு அந்த எஸ்டேட்டுக்கே போனேன். ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் கையாலேயே பிளாப்பியைச் சொருகச் சொல்லி, ஒரு வரி எழுதச் சொன்னேன். மெஷின் மறு பேச்சில்லாமல் எழுதிக்கொண்டது. சார் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மொதல்ல இங்க வந்தீங்களே, அதுக்கு முந்தின நாள் எங்கீங்க போயிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஊட்டி பெர்ன்ஹில்ல ஒரு டாக்டர் ஊட்டுக்கு. அவங்க பசங்க வெளையாட்டு பிளாப்பி நெறைய வச்சிருந்தாங்க. மெஷின் புதுசு." பிளாப்பியை உருவிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, அதே மெல்லிய குரலில் சொன்னார். "நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா இது வெளிய போச்சுன்னா நம்ம கம்பெனிய ஒருத்தனும் உள்ள விட மாட்டான். மெஷினைச் சுத்தம் பண்ணிக் குடுத்துருவோம். அந்தப் பொண்ணுக்கு வேற எங்காச்சும் நானே வேலை சொல்லிவிடறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டேப் ஒட்டியது தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் ஒட்டியிருப்பேன். எழுதிப் பார்த்துச் சோதித்தும் இருக்கிறார். ஆனால் தெரிந்த பிறகும் அந்தப் பழி அவள் தலையிலேயே இருக்கட்டும் என்கிறாரே! அவளுக்கு வேலை சொல்லிவிட இவர் யார்? அப்படியே எழுந்து மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் நெற்றியைத் தடவினார். "சரி, ஆபீஸ்ல வந்து உக்காரச் சொல்லிடுங்க. மேட்டர் குளோஸ்" என்றார். கிளார்க் போய் அவளிடம் சொன்னார். அவள் வரவில்லை. "சொன்னது பெரட்டுலதானே? அதையும் பெரட்டுலயே சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாள். மஸ்டரைச் சிலோன்காரர்கள் பெரட்டு என்பார்கள். மேனேஜருக்கு ரோஷம் வந்துவிட்டது. வராவிட்டால் போகட்டும் என்றார். ஆனால் கையால் போட்ட கணக்கில் ஆளுக்கு ஆள் குளறுபடி வர, கடைசியில் இறங்கி வந்து, பெரட்டிலேயே சொல்லச் சம்மதித்தார். நானும் போயே தீருவேன் என்று சாரோடு போய் நின்றேன்.

பனி விலகாத களத்தில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக எல்லாரும் நின்றிருந்தார்கள். புஷ்பராணி அம்மாவின் பக்கத்தில் நின்றாள். மேனேஜர் சாரைப் பேசச் சொன்னார். சார் கோட்டைச் சரி செய்துகொண்டு, "எல்லாருக்கும் வணக்கமுங்க. கம்ப்யூட்டர்ல இருந்த கோளாறைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டோம். இனிமே சம்பளக் கணக்கெல்லாம் ஒழுங்கா வரும்" என்றார். சிலர் கை தட்டினார்கள். சார் நகர்ந்துவிட்டார். அவள் பெயரே வரவில்லை.

நான் முன்னால் வந்து சத்தமாகச் சொன்னேன். "வைரஸைக் கொண்டு வந்தது இந்தப் பொண்ணு இல்லைங்க. அவ பிளாப்பி சுத்தம். எங்க கம்பெனி கொண்டு வந்த ஆன்டிவைரஸ் பிளாப்பியிலதான் அது வந்துச்சு. முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னதே புஷ்பராணிதான்." இதற்குப் பிறகு என்னை மறுபடி டைப்ரைட்டர் பிரிவுக்கே அனுப்பிவைத்தார்கள். ரொம்ப நாள் அங்கேதான் கிடந்தேன். அது வேறு கதை.

பிளாப்பி, ஆன்டிவைரஸ் எதுவும் களத்தில் நின்றவர்களுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தேன். முன்வரிசையில் நின்ற வயதான பெண் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப மருந்து கொண்டாந்த ஐயாதான் நோயையும் கொண்டாந்தாரா?"

"ஆமாங்க" என்றேன்.

"அதை முன்னாடியே சொல்ல ஏலாமப் போச்சா?"

கேள்வி என்னைப் பார்த்து வரவில்லை. சாரைப் பார்த்து வந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி நகர்ந்து வந்து புஷ்பராணியின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, எல்லாம் தெளிவாயிருச்சில்ல. புஷ்பராணி, நீ ஆபீஸுக்குப் போ. வேலை குமிஞ்சு கெடக்கு" என்றார். மன்னித்துக்கொள் என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்தும் வரவில்லை, சார் வாயிலிருந்தும் வரவில்லை.

புஷ்பராணி குரலில் கோபமே இல்லை. "இன்னைக்கு ஏலாதுங்க துரை. கொழுந்துக்குப் பேரு குடுத்துட்டேன். நாளைக்கு வாறேன்" என்றாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மாவோடு வரிசையில் சேர்ந்து மேட்டில் ஏறிப் போனாள்.

அவளை விட்டால் சம்பளச் சீட்டு அடிக்க ஆளில்லாததால், மனம் மாறி வருவாள் என்று மேனேஜரும் சாரும் அன்று முழுதும் அந்த ஆபீஸில் அவளுக்காகக் காத்துக் கிடந்தார்கள். அது போதாது என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது.